நாடு என்னும் சிறுசொல்



கொல்லிமலையிலிருந்து மேற்படிப்புக்காகக் கீழே இறங்கி வந்த மாணவன் ஒருவனைப் பற்றி என் ஆசிரிய நண்பர் ஒருவர் ஒருமுறை கூறினார். அவன் நிரப்பவேண்டிய விண்ணப்பத் தாளில் பெயர், தந்தை பெயர், ஊர், மாவட்டம், மாநிலம், நாடு என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. நாடு என்னும் கட்டத்தில் மாணவன் ‘வாழவந்தி நாடு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான். தாளை வாங்கிய எழுத்தர் அதைப் படித்துச் சிரித்தார், அருகில் இருந்தவரிடம் காட்டினார், அவரும் சிரித்தார். பின்னர் சிவப்பு மையால் அதனை அடித்து, ‘இந்தியா’ என்று மேலே எழுதினார். மாணவன் ஒன்றும் பேசாமல் தலை குனிந்து நின்றானாம்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்தர் திருத்தியது இக்கால வழக்குக்கு ஒத்ததே. ஆனால் மாணவன் எழுதியது பிழையா? அவன் தன் தாய் தந்தையரிடமிருந்து கேட்டறிந்த பொருளில் அச்சொல்லை எழுதினான். அந்தப் பொருள் நம் கல்வெட்டுகளில் இருக்கிறது. சங்கச் செய்யுட்களில் இருக்கிறது. நம்மைச் சூழ்ந்த இனமொழிகளிலும் இருக்கிறது. ஈரெழுத்துள்ள இந்தச் சிறு சொல்லின் வரலாற்றையே இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் மலைக்கே செல்வோம். நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடப்பது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே ஏறுகிறது. உச்சியை அடைந்தவர், கூரிய சிகரம் ஒன்றை எதிர்பார்த்திருந்தால் ஏமாந்து போவார். மேலே இருப்பது மேடும் பள்ளமுமான அகன்ற நிலம். பள்ளங்களில் படிப்படியாக நெல்வயல். சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும். வீட்டுப் புறங்களில் பலாவும் வாழையும். காப்பித் தோட்டங்களில் மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக் கொடி. அங்கு வாழும் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாருக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே இதன் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று உடன்பிறந்தார் வழியில் தோன்றியவர் தாம் என்று அவர்களுடைய பழங்கதை கூறுகிறது.

இம்மலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு, சேலூர் நாடு, சித்தூர் நாடு, தின்னனூர் நாடு, திருப்புளி நாடு, தேவனூர் நாடு, எடப்புளி நாடு, பெரக்கரை நாடு, பைல் நாடு என்பன அவை. இவற்றுள் எட்டு, ‘ஊர்’ என்று முடியும் பெயரைத் தாங்கி நிற்றலை நோக்குக. ஏதோ ஓர் ஊர் முதலில் தோன்றியிருக்கிறது. அதனைச் சுற்றிப் பிற ஊர்கள் பெருகியிருக்கின்றன. அத்தொகுதிக்குத் தாய் ஊரின் பெயரால் நாடு என்னும் பெயர் அமைந்திருக்கிறது. அறப்பளீசுவரர் கோயில் இருப்பது வளப்பூர் நாட்டில். மலையின் தலைமை இடமான செம்மேடு இருப்பது வாழவந்தி நாட்டில். வாழ வந்தவள் என்று பொருள் தருவது போல் நிற்கும் வாழவந்தி என்னும் பெயரும் கேட்கக் கேட்க இனிக்கிறது.

கொல்லிமலைக்கு மட்டும் உரிய வழக்கன்று இது. சேலத்துச் சேர்வராயன் மலையைச் சேல நாடு, மோக நாடு, முட்ட நாடு என மூன்றாகப் பகுத்திருந்தனர் என்று எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் குறித்துள்ளார். பச்சைமலையில் வண்ணாடும் தென்புறநாடும் உள்ளன. சவ்வாது மலையில் புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்பவற்றைக் காணலாம். கல்வராயன் மலையில் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் ஆகியோர் பெயரால் நாடுகள் அமைந்தன. காவிரிக்கு வடக்கே தொடர்ந்து செல்லும் இக்குன்றுகள் எல்லாவற்றிலும் நாடு என்பது, ஒருவன் ஒரு பகற்பொழுதில் நடந்து கடந்துவிடக்கூடிய நிலத்தையே குறித்தது.

அந்நிலத்தை நாடாக்கியது எது? அரசன் வரைந்த எல்லைக்கோடு அன்று. ஒன்றாகத் தெய்வத்தை வழிபட்டவர்கள், ஒன்றாக வழக்கைத் தீர்த்துக்கொண்டவர்கள், ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் வந்து நின்றவர்கள் ஆகிய இவர்களுடைய தொகுதியே நாடு. ஊருக்கு ஊர்க்கவுண்டர் இருந்தார். பல ஊர்களுக்கும் பொதுவாகப் பட்டக்காரர் இருந்தார். ஊரில் தீராத வழக்கு நாட்டுக்கு வரும். ‘நாடு கூடிற்று’ என்று சொன்னால், மண் கூடிற்று என்று யாரும் கொள்வதில்லை. மக்கள் கூடினர் என்பதே பொருள். இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொண்டு நூல்களின் பக்கம் திரும்புவோம்.

சங்க காலத்தில் இக்கொல்லிக்குத் தலைவனாக விளங்கியவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். செம்மேட்டில் இன்று அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவன் பெயரால் விழா நடைபெறுகிறது. அவனை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என அகநானூற்றால் அறிகிறோம். காரியின் நிலம் மலையமான் நாடு. அது நாளடைவில் மலாடு என்று தேய்ந்தது. வேளிர் நாடு வேணாடு ஆயிற்று. பாரியினுடைய பறம்பு நாட்டில் முந்நூறு ஊர்கள் இருந்தன என்று புறநானூறு கூறும். அப்பழங்காலத்தில் நாடு என்பது வேந்தர் மூவரின் பெருநிலத்துக்கும் வழங்கியது. ஒரு குன்றையும் அதனடியில் அமைந்த ஊர்களையும் ஆண்ட சிறு தலைவனின் நிலத்துக்கும் வழங்கியது.

அக்காலத்தில் இச்சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக நின்றது காடு. புறநானூற்றின் 187-ஆம் செய்யுளில் ஔவையார் நிலத்தை விளித்துப் பேசுகிறார். அங்கு நாடும் காடும் எதிரெதிராக நிற்கின்றன. பள்ளமும் மேடும் எதிரெதிராக நிற்கின்றன. எவ்வகை நிலமாயினும் ஆடவர் நல்லவரானால் நிலமும் நன்றாகும் என்பது அவருடைய முடிவு. இங்கு நாடு என்பது மனிதர் உழுது பயிரிட்டுக் குடியிருக்கும் நிலம். காடு என்பது மனிதர் கை படாத நிலம். இன்றும் ‘காடு திருத்தி நாடாக்கினான்’ என்று சொல்கிறோம் அல்லவா? அத்தொடரில் உள்ள நாட்டுக்குக் கொடியும் இல்லை, கோட்டையும் இல்லை. ஏர் மட்டுமே உண்டு.

திருவள்ளுவர் தம் நூலில் 74-ஆம் அதிகாரத்தை நாட்டுக்கென ஒதுக்கினார். குன்றாத விளைவும் தக்க அறிஞரும் கேடில்லாத செல்வரும் ஒருங்கே சேர்ந்திருப்பது நாடு என்று அவர் தொடங்குகிறார். படையையோ பரப்பையோ அவர் முதலில் வைக்கவில்லை; விளைச்சலையும் மக்களையும் வைத்தார்.

இனிக் கல்வெட்டுகளைக் காண்போம். பல்லவர் செப்பேடுகளில் நாட்டார் என்போர் சிறப்பாகக் குறிக்கப்படுகின்றனர். அரசன் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய ஆணை அந்தப் பகுதி நாட்டாருக்கே அனுப்பப்படும். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த காசாக்குடிச் செப்பேடு இதற்கு நல்ல சான்றாகும். நாட்டார் ஆணையை வணங்கி ஏற்பர். கொடுக்கப்பட்ட நிலத்தை வலம் வந்து, எல்லையில் கல்லையும் கள்ளியையும் நடுவர். பின்னர் அதற்குரிய ஓலையைக் கொடுப்பர். வேந்தன் கொடுத்தாலும், இதுதான் எல்லை என்று காட்டும் உரிமை நாட்டாருடையதாக இருந்தது.

சோழர் காலத்தில் இவ்வமைப்பை இன்னும் தெளிவாகக் காண்கிறோம். ஊர்கள் பல சேர்ந்து நாடு அல்லது கூற்றம். தொண்டை மண்டலத்திலோ நாடுகளுக்கு மேலே கோட்டம். அம்மண்டலத்தில் 24 கோட்டங்களும் 79 நாடுகளும் இருந்தன என்பது மரபு. முதலாம் இராசராசன் (985–1014) இந்நாடுகளைத் தொகுத்து வளநாடு என்னும் பெரும் பிரிவுகளை ஏற்படுத்தினான். அவற்றுக்குத் தன் விருதுப் பெயர்களையே சூட்டினான்: அருமொழிதேவ வளநாடு, க்ஷத்திரியசிகாமணி வளநாடு, உய்யக்கொண்டார் வளநாடு என்பன போல. நாடுகளின் பெயர்களோ பெரும்பாலும் ஊர்ப் பெயர்களால் அமைந்தவை. மேலிருந்து வந்த பிரிவுக்கு மன்னன் பெயர். கீழிருந்து வளர்ந்த பிரிவுக்கு ஊரின் பெயர். இவ்வேறுபாடு ஒன்றே, நாடு எங்கிருந்து பிறந்தது என்பதை உணர்த்தப் போதுமானது.

பேராசிரியர் எ. சுப்பராயலு 1973-இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் பற்றிய ஆங்கில நூலில், கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு நாடுகளை நிலப்படத்தில் வரைந்து காட்டினார். ஆறும் ஓடையும் நாட்டுக்கு எல்லையாக அமையும் என்றுதான் நாம் எண்ணுவோம். அவர் வரைந்த படங்களிலோ, பல நாடுகளின் நடுவே ஆறு ஓடுகிறது. இரு கரையிலும் ஒரே நாட்டின் ஊர்கள் இருக்கின்றன. ஆட்சி வசதிக்காக அரசன் வகுத்த பிரிவாக நாடு தோன்றவில்லை என்றும், ஒரே நீரைப் பங்கிட்டு உழுது வாழ்ந்த ஊர்களின் கூட்டமாகவே தோன்றிற்று என்றும் அவர் காட்டினார். அக்கூட்டத்தின் சார்பில் ஆவணம் எழுதப்படும்போது, அதில் ‘நாட்டோம்’ என்று தன்மைப் பன்மையில் கையெழுத்திட்டனர். நாடு என்பது அன்று ‘நாம்’ என்று பேசிய சொல். கொல்லிமலையில் நாடு கூடிற்று என்று சொல்லும்போது நாம் கேட்பதும் அந்தக் குரலையே.

இச்சொல்லின் பிறப்பு யாது? தமிழில் ஒரு வினையின் முதல் எழுத்து நீண்டு பெயராகும் இயல்பு உண்டு. கெடு என்பது கேடு ஆகிறது. படு என்பது பாடு ஆகிறது. சுடு என்பது சூடு. பெறு என்பது பேறு. விடு என்பது வீடு. இவற்றை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர் இலக்கணத்தார். இவ்வரிசையில் நடு என்னும் வினையையும் வைத்துப் பாருங்கள். நடு என்பது நாடு ஆகும். நாற்றை நடுகிறோம், தூணை நடுகிறோம், எல்லைக்கல்லை நடுகிறோம். அலைந்து திரிந்த மனிதன் ஓரிடத்தில் பயிரை நட்டு, அதன் பக்கத்தில் கூரைக்கால் நட்டு, தானும் ஊன்றி நின்ற இடம் நாடு எனப்பட்டது என்று கொள்வது இலக்கணத்துக்கும் ஏற்றது. காட்டுக்கு எதிராக நாட்டை நிறுத்திய பழைய வழக்குக்கும் ஏற்றது. எனக்கு இவ்விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

விரும்பித் தேடுதல் என்னும் பொருளில் நாடு என்று வேறு ஒரு வினை உண்டு. மக்கள் நாடி அடையும் இடமாதலின் நாடு எனப்பட்டது என்று கூறுவாரும் உளர். வள்ளுவரே 739-ஆம் குறளில் இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து விளையாடுகிறார்: தேடி வருந்தாமலே வளம் தருவதுதான் நாடு என்பது அவர் கருத்து. அது புலவரின் சொல் நயம். அதனைக் கொண்டு சொல்லின் பிறப்பை முடிவு செய்தல் ஆகாது. ஒலி ஒன்றாயிருப்பதனால் மட்டும் சொல் ஒன்றாகிவிடாது. இதற்குத் தெலுங்கு ஒரு நல்ல எச்சரிக்கையைத் தருகிறது. அம்மொழியில் ‘ஈநாடு’ என்றால் இந்நாள். ‘ஆநாடு’ என்றால் அந்நாள். அந்த நாடு நம் நாள் என்னும் சொல்லுக்கு உறவு. நிலத்தைக் குறிக்கும் நாட்டுக்கு உறவன்று. ஆனால் அதே தெலுங்கில் வேங்கிநாடு, வெலநாடு, பல்நாடு என்று வரும்போது அது நம்முடைய நாடேதான். பல்நாடு என்னும் பழம்பெயர் 2022-இல் ஆந்திர மாநிலத்து மாவட்டம் ஒன்றின் பெயராக மீண்டும் ஏறியிருக்கிறது.

இனமொழிகளில் சொல்லின் பயணத்தைச் சற்றே தொடர்வோம். கன்னடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கவிராசமார்க்கம், காவிரி முதல் கோதாவரி வரை பரவிய கன்னட நிலத்தை நாடு என்றே குறிக்கிறது. அம்மொழியிலேயே மலைநிலம் ‘மலெநாடு’ எனப்படுகிறது. ஆகவே அங்கும் பெரிய பொருளும் சிறிய பொருளும் ஒருங்கே வாழ்கின்றன. குடகில் ஊர்கள் பல சேர்ந்து ஒரு நாடு. அதன் தலைவர் தக்கர் எனப்படுவார். அங்கு 1792-இல் கட்டப்பட்ட அரண்மனை ஒன்று நாலுநாட்டு அரண்மனை என்று பெயர் பெற்றிருக்கிறது. நீலகிரியில் படகர் தம் மலையை நான்கு நாடுகளாக எண்ணுவர். மலையாளத்தில் வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு என்று தனித்தனி நாடுகளும், அவற்றை ஆண்ட நாடுவாழிகளும் இருந்தனர். பழந்தமிழரின் குட்டநாடு இன்றும் அங்கே குட்டநாடாகவே நெல் விளைவிக்கிறது. மலையாள மொழியில் ஒருவர் ‘நாட்டிற் போகிறேன்’ என்றால், தாம் பிறந்த ஊருக்குப் போகிறேன் என்று பொருள். பம்பாயிலோ துபாயிலோ வேலை செய்பவருக்கு நாடு என்பது, தாய் காத்திருக்கும் ஒரு வீடும் அதைச் சுற்றிய நாலு தோட்டமுமே.

தமிழிலும் இச்சிறு பொருள் முற்றும் அழிந்துவிடவில்லை. நாட்டுப்புறம், நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டு மருந்து என்று நாள்தோறும் வழங்குகிறோம். இவற்றில் எல்லாம் நாடு என்பது ‘நம் மண்ணுக்கு உரியது’ என்று பொருள்படுகிறது. கொங்கு நாட்டின் உள்ளே 24 நாடுகள் என்னும் எண்ணிக்கை வழங்குகிறது. மதுரை மேலூர்ப் பக்கத்தில் வெள்ளலூர் நாடு இருக்கிறது. நாட்டாண்மை என்னும் சொல்லை அறியாத சிற்றூர் தமிழகத்தில் இல்லை.

ஒரு சொல் சிறிதையும் பெரிதையும் ஒருங்கே சுமப்பது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆங்கிலத்தில் நாட்டுக்கு வழங்கும் சொல் கண்ட்ரி. அது ‘எதிரே கிடப்பது’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கண்ணெதிரே விரிந்த வயலும் வெளியுமே அதன் முதற்பொருள். பிற்காலத்தில் அது பேரரசையும் குறித்தது. எனினும் நகரவாசியான ஆங்கிலேயர் அச்சொல்லாலேயே நாட்டுப்புறத்தையும் இன்று வரை குறிக்கிறார்.

இதனினும் வியப்பானது கிளான் என்னும் சொல். ஸ்காத்லாந்து மலைநாட்டில் ஒரு தலைவனைச் சார்ந்து வாழ்ந்த குடித்தொகுதிக்கு அப்பெயர். ஆங்கிலேயர் இதனைக் கேலிக் மொழியிலிருந்து பெற்றனர். கேலிக் மொழியில் அதற்குப் பிள்ளைகள், வழித்தோன்றல்கள் என்று பொருள். கேலிக்கோ இதனை இலத்தீனிடமிருந்து பெற்றது. இலத்தீனில் அது பிளாண்டா; நடுவதற்குரிய இளங்கன்று என்பது பொருள். பழைய ஐரிய மொழியில் பகர ஒலி இல்லாத காலத்தில் இலத்தீன் சொற்கள் அங்கே புகுந்தமையால், பகரம் ககரமாக மாறிற்று. பிளாண்டா கிளாண்ட் ஆகிப் பிறகு கிளான் ஆயிற்று. உடன்பிறந்த மொழியாகிய வேல்சு மொழியில் பகரம் மாறவில்லை. அங்கே பிள்ளைகளைக் குறிக்கும் சொல் இன்றும் பிளாண்ட் என்பதேயாம். ஆங்கிலத்தில் செடியைக் குறிக்கும் சொல்லும் இதன் உடன்பிறப்பே. இளங்கன்று பிள்ளையாயிற்று, பிள்ளை குடியாயிற்று. தமிழிலும் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கிறோம், குடும்பம் தழைத்தது என்கிறோம், வேரூன்றியது என்கிறோம். உலகின் இரு கோடிகளில், தம்முள் தொடர்பில்லாத மலைவாழ் மக்கள், நடுதலாகிய ஒரு தொழிலைக் கொண்டு தம்மைத் தாமே அறிந்துகொண்டனர் போலும்.

இத்தகைய சிறு சொல் எவ்வாறு பெருநிலத்தின் பெயராகவும் உயர்ந்தது? தமிழ்நாடு என்னும் தொடர் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்திலேயே அது காணப்படுகிறது. ஆயினும் ஆட்சிப் பெயராக அது அமைவதற்கு ஓர் உயிரையும் கொடுக்க நேர்ந்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பதைத் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்து, விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் 1956-ஆம் ஆண்டு உண்ணா நோன்பு இருந்தார். எழுபது நாட்களுக்கு மேல் நீண்ட அந்நோன்பின் முடிவில், அக்டோபர் 13-ஆம் நாள் உயிர் நீத்தார். 1967 சூலை 18-இல் சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 சனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளில், அப்பெயர் நடைமுறைக்கு வந்தது.

அன்று முதல் நாடு என்றவுடன் நம் மனத்தில் முதலில் எழுவது பெரிய நிலப்படம். இந்தியா நம் நாடு. தமிழ்நாடு நம் மாநிலம். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. பாரி காலத்திலும் மூவேந்தர் நாடு இருந்தது. அதனுள்ளே பறம்பு நாடும் இருந்தது. இராசராசன் காலத்திலும் சோழ நாடு இருந்தது. அதனுள்ளே ஊர்ப் பெயர் தாங்கிய நாடுகள் இருந்தன. வீட்டில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதில் இடர் எதுவும் நேர்வதில்லை. பேரன் பெரிய பதவி அடைந்தான் என்பதற்காகத் தாத்தாவின் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பதுதான் தகாது.

ஏனெனில், இங்கே அடிபடுவது ஒரு பெயர் மட்டும் அன்று. கொல்லிமலையின் பதினான்கு நாடுகளும் இன்று பதினான்கு ஊராட்சிகளாகப் பதிவேட்டில் இருக்கின்றன. ஊராட்சி மன்றமும் தேர்தலும் மக்களுக்கு நன்மை செய்வன. முன்னாளில் பேச இடம் பெறாத பெண்டிரும் இளைஞரும் இன்று அம்மன்றத்தில் அமர்கின்றனர். பழைய நாட்டுக் கூட்டங்களில் எல்லாரும் சமமாக இருந்தனர் என்று யாரும் கூறமாட்டார்கள். ஆகவே பழையதை அப்படியே திரும்பக் கொணர வேண்டும் என்பது என் கருத்தன்று. எனினும் ‘நாட்டோம்’ என்று தன்மைப் பன்மையில் பேசிய அந்தப் பழக்கம் போகக்கூடாது. ஓடையில் நீர் குறைந்தால் எவர் வயலுக்கு முதலில் பாய்ச்சுவது, சரிவில் எந்த மரத்தை வெட்டலாம், எதை வெட்டலாகாது என்பவற்றை எல்லாம் தாமே கூடித் தீர்த்துக்கொள்ளும் மக்கள் இருக்கும் வரையில்தான் நாடு என்பது உயிருள்ள சொல்லாக இருக்கும். அவர்கள் கூடாதபோது அது வரிப் பதிவேட்டில் உள்ள வெறும் பின்னொட்டு ஆகிவிடும். மலையில் பிறந்த பிள்ளைகள் படிப்புக்கும் பிழைப்புக்கும் கீழே இறங்கிச் செல்லும் இக்காலத்தில் இவ்வச்சம் பொய்யானதன்று. கீழே வந்த பிள்ளை தன் நாட்டின் பெயரைச் சொன்னதற்காக ஒருமுறை சிரிப்புக்கு ஆளானால், மறுமுறை அதைச் சொல்லமாட்டான். அவன் மகன் அதைக் கேட்டிருக்கவும் மாட்டான்.

அந்த மாணவன் இப்பொழுது எங்கே இருக்கிறான் என்பதை நண்பர் சொல்லவில்லை. அவன் எங்கேனும் இதைக் கேட்க நேர்ந்தால், அவனுக்கு ஒன்று சொல்வேன். தம்பி, விண்ணப்பத்தில் இந்தியா என்றே எழுது. அது உன் நாடு, என் நாடு, நம் எல்லாருடைய நாடு. ஆனால் ‘எந்த நாட்டான்?’ என்று மலையில் உன் பாட்டன் வயதுடையவர் கேட்டால், நிமிர்ந்து நின்று வாழவந்தி நாட்டான் என்று சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கரையில் கல் நட்டு எல்லை காட்டியவர்கள் தம்மை எச்சொல்லால் அழைத்துக்கொண்டார்களோ, அச்சொல்லையே நீயும் சொல்கிறாய்.

அடுத்த முறை நேயர்களுள் எவரேனும் அந்த எழுபது வளைவுகளையும் ஏறிச் செல்ல நேர்ந்தால், மேலே இறங்கியதும் அங்குள்ள முதியவர் ஒருவரிடம் இது எந்த நாடு என்று கேட்டுப் பாருங்கள். இங்கிருந்து அங்குள்ள ஓடை வரையில், அந்தப் பலா மரத்தின் பக்கத்தில் திரும்பி, அப்பாலுள்ள கோயில் வரையில் என்று கைநீட்டிக் காட்டுவார். ஒரு மனிதன் கைநீட்டிக் காட்டக்கூடிய அளவில் இருந்த அந்தப் பழைய நாட்டை நீங்களும் கண்ணாரக் காண்பீர்கள்.